கைப்பிடித் தீவனம்: ஒரு வனாமி குளத்தின் 115 நாட்கள்

எங்கள் வனாமி இறால் குளத்தில் குஞ்சு விட்ட 51-ஆம் நாள் சாயங்காலம். காற்று தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும் மூலையில், நுரையோடு நுரையாக வெள்ளை நூல் துண்டுகள் ஒதுங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன், பிசுபிசுவென்று கரைந்துபோனது. வெள்ளை மலம், இறாலின் உடம்பு கெட்டதற்கு அடையாளம். இறால் எவ்வளவு தின்கிறது என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் தீவனத் தட்டுகள் நான்கும் அன்று காலை வரை துடைத்து வைத்தது போலக் காலியாகத்தான் வந்துகொண்டிருந்தன. தீவனம் நன்றாகத் தின்கிறது, வளர்ச்சி பரவாயில்லை என்று இரண்டு நாள் முன்புதான் பேசிக்கொண்டோம்.

அந்தக் குளத்தின் தீவனக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. எனவே எந்த நாளில் எந்த எண்ணை நம்பினேன், அது ஏன் தவறானது என்பதை நோட்டைப் பார்த்தே வரிசையாக எழுதுகிறேன். நோய் வந்தது, கவனித்தோம், சரியானது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த பயிரிலும் அதே குழியில்தான் விழ வேண்டும்.

குளமும் குஞ்சும்

அரை எக்டேர் மண் குளம். சராசரி ஆழம் 1.4 மீட்டர், ஆக 7,000 கன மீட்டர் தண்ணீர். உவர்ப்பு 18 பிபிடி (ஆயிரத்தில் 18 பங்கு). தண்ணீரை அடித்துக் காற்று சேர்க்கும் 2 குதிரைத்திறன் துடுப்புச் சக்கர ஏரேட்டர் நான்கு. சதுர மீட்டருக்கு 40 வீதம் 2 லட்சம் வனாமி குஞ்சுகள், பிஎல் 12 பருவம் (லார்வா பருவம் முடிந்து 12 நாள்). வெள்ளைப்புள்ளி வைரஸுக்கும், இஎச்பி என்ற நுண் ஒட்டுண்ணிக்கும் பிசிஆர் பார்த்து, இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகே வாங்கினோம். பக்கத்துக் குளத்துக்கும் அதே தொட்டியிலிருந்து வந்த அதே குஞ்சுதான்.

ஒரு குஞ்சு பிஎல் 12 ஆவதற்குள் பொரிப்பகத்தில் எத்தனை பேர் தூக்கம் கெட்டிருப்பார்கள் என்பது வளர்ப்புக் குளத்தில் நிற்கும் நமக்குப் பல நேரம் மறந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் நாப்ளியஸ் எதையும் தின்னாது. தன்னிடம் உள்ள கருவுணவிலேயே ஓட்டும். சோயியா ஆனவுடன் கீட்டோசெரஸ் போன்ற நுண்பாசி வேண்டும், அதுவும் விடாமல், சரியான அடர்த்தியில். மைசிஸ் பருவத்தில் பாசியோடு ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் உயிரியும் சேரும். 1930-களில் ஜப்பானில் மோட்டோசாகு ஃபுஜினாகா குருமா இறாலைப் பிடிப்பில் முட்டையிடவைத்துப் பொரித்தபின், அந்த லார்வாவுக்கு வாயில் வைக்க எது சரிப்படும் என்று கண்டுபிடிப்பதே பெரிய பாடாக இருந்தது. டயாட்டம் என்ற நுண்பாசிதான் வழி திறந்தது. அன்று தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்க நடக்கும் இறால் வளர்ப்பு.

அப்படி வந்த குஞ்சை நாங்கள் முதல் குளத்தில், அதாவது நான் சொல்லும் இந்தக் குளத்தில், 40 நிமிடத்தில் இறக்கிவிட்டோம். வண்டி தாமதமாகி, காலை 11 மணிக்கு வந்தது. பைக்குள் 22 டிகிரி, குளத்தில் 30 டிகிரி. பையில் உவர்ப்பு 28, குளத்தில் 18. பைகளை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, வாயைத் திறந்து, கொஞ்சம் குளத்துத் தண்ணீரைச் சேர்த்து, கவிழ்த்துவிட்டோம். இரண்டாவதான பக்கத்துக் குளத்துக்கு நேரம் கிடைத்தது. அங்கே குஞ்சைத் தொட்டியில் வைத்து, காற்று கொடுத்து, மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை குளத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இறக்கினோம். அறுவடையில் அங்கே 80 சதவீதத்துக்கு மேல் பிழைத்திருந்தது. முதல் குளத்தில் அன்றைக்கு எத்தனை செத்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை: ஒரு சென்டிமீட்டர் நீளக் கண்ணாடித் துண்டு போன்ற உடல், செத்தால் மிதக்காமல் அடியில் போய்விடும், சில மணி நேரத்தில் தடமே இருக்காது.

தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. குளத்துக்குள்ளேயே ஒரு ஹாப்பா வலை கட்டி, அதில் 100 குஞ்சை எண்ணி விட்டு, 48 மணி நேரம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. அன்று அதைக் கட்டவில்லை. அவசரத்தில் விட்டுப்போன அந்த ஒரு வலைதான் இந்தக் கதையின் தொடக்கம்.

அட்டவணை சொன்னது

முதல் 30 நாள் கண்மூடித் தீவனம்தான். குஞ்சு மிகச் சிறிது; தட்டுக்கு வந்து தின்னும் பழக்கம் வந்திருக்காது; வீச்சுவலையிலும் சிக்காது. எனவே லட்சம் குஞ்சுக்கு நாளொன்றுக்கு 2 கிலோ என்று தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது வழக்கம். இந்த மாதத்தில் போடுவதில் ஒரு பகுதி உரமாகித்தான் போகிறது. அதில் தப்பில்லை, ஏனென்றால் அந்த உரத்தில் வளரும் கோபிபாட் என்ற நுண்ணுயிரி, அடிமண்ணில் வாழும் சிறு புழுக்கள், பாசிப் படிவு ஆகியவற்றைத் தின்றுதான் குஞ்சு தேறுகிறது. நல்ல ப்ளூம் (பாசிப் பெருக்கம்) பிடித்த குளத்தில் முதல் மாதத் தீவனத்தை இன்னும் குறைக்கலாம் என்பதே என் கருத்து.

30-ஆம் நாள் வீச்சுவலை போட்டோம். சராசரி 2.5 கிராம். தீவன அட்டவணையில் பிழைப்பு, அதாவது உயிரோடு இருப்பது, 90 சதவீதம் என்று எடுத்துக்கொண்டேன். 1,80,000 இறால், 2.5 கிராம், மொத்தம் 450 கிலோ எடை. அதில் 7 சதவீதம் என்றால் நாளுக்கு 31 கிலோ. 50-ஆம் நாள் சராசரி 7.5 கிராம். மொத்தம் 1,350 கிலோ. அதில் 4 சதவீதம், 54 கிலோ. பெருக்கலில் ஒரு தவறும் இல்லை. 90 சதவீதம் என்ற எண் மட்டும் யாரும் எண்ணிப் பார்க்காதது.

தீவனத்தில் 36 சதவீதம் புரதம் இருந்தது. புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். தீவனமாகப் போடும் நைட்ரஜனில் கால் பங்கு அளவுக்குத்தான் இறாலின் சதையாகத் தங்குகிறது. மீதியெல்லாம் செவுள் வழியாக அம்மோனியாவாகவும், மலமாகவும், தின்னாமல் கரைந்த தீவனமாகவும் தண்ணீருக்கே வருகிறது. ஒரு கிலோ தீவனத்துக்குத் தோராயமாக 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால், 54 கிலோவுக்கு 1,620 கிராம். 7,000 கன மீட்டரில் அது நாளொன்றுக்கு லிட்டருக்கு 0.23 மில்லிகிராம். பாசியும் பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்க்கிற வரை நமக்குத் தெரியாது. அவற்றின் வேகத்தைத் தீவனம் தாண்டிவிட்டால், ஒரே வாரத்தில் தண்ணீர் வேறு தண்ணீராகிவிடும்.

ஒரு கைப்பிடி

அட்டவணை தவறினாலும் அதைத் தட்டிக் கேட்கத்தான் செக் ட்ரே என்ற தீவனத் தட்டு இருக்கிறது. இறால் மீனைப் போலப் பாய்ந்து கவ்வாது. மீசைகளாலும் கால் நுனிகளாலும் மோப்பம் பிடித்துத்தான் தீவனத்தைக் கண்டுபிடிக்கும். பிறகு குச்சித் தீவனத்தை முன் கால்களால் தூக்கி வாயருகில் பிடித்து, ஓரத்திலிருந்து கொறிக்கும். ஒரு வெள்ளை பேசினில் நான்கு இறாலை விட்டு, இரண்டு குச்சி போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், ஒரு குச்சியை முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, எவ்வளவு தூள் உதிர்கிறது என்று. அதனால்தான் தீவனம் தண்ணீரில் இரண்டு மணி நேரமாவது கரையாமல் நிற்க வேண்டும் என்கிறோம். அதனால்தான் ஒரே வேளையில் கொட்டாமல் நாலு வேளை, ஐந்து வேளையாகப் பிரித்துப் போடுகிறோம். குடலோ சிறியது, ஓரிரு மணி நேரத்தில் காலியாகிவிடும்.

எங்கள் குளத்தில் நான்கு தட்டுகள். வேளைத் தீவனத்தில் கிலோவுக்கு 3 கிராம் வீதம் ஒவ்வொரு தட்டிலும் வைப்பது என்று முடிவு. 31-ஆம் நாள் வேளைக்கு 8 கிலோ, எனவே தட்டுக்கு 24 கிராம். முதல் நாள் தராசில் நிறுத்துக் காட்டினேன். தட்டுப் பார்க்கும் தம்பி அதைக் கையில் அள்ளிப் பார்த்து, "ஒரு கைப்பிடி அண்ணே" என்றான். ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து கைப்பிடிதான் அளவு. வேளைத் தீவனம் 8 கிலோவிலிருந்து 13.5 கிலோவுக்குப் போனபோது தட்டில் 40 கிராம் இருந்திருக்க வேண்டும். கைப்பிடி வளரவில்லை. பின்னால் அவன் கையை அதே தராசில் பத்து முறை நிறுத்துப் பார்த்தேன்: 21-க்கும் 27-க்கும் இடையில், அவ்வளவு சீராக. அவன் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அளவை மாற்றச் சொல்ல வேண்டியவன் நான்.

இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்துகொண்டது. தட்டுகள் நான்கும் ஏரேட்டர் ஓட்டம் கழுவிவிடும் சுத்தமான வளையத்திலேயே இருந்தன. இறால் கூடும் இடம் அதுதான். குளத்தின் நடுவில், கசடு வந்து குவியும் இடத்தில், ஒரு தட்டும் இல்லை. அதோடு இறால் வளர வளர தட்டைத் தூக்கிப் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்; நாங்கள் 30-ஆம் நாள் வைத்த இரண்டரை மணி நேரத்தையே 50-ஆம் நாளிலும் வைத்திருந்தோம். ஆக, குறைந்த தீவனம், நிறைந்த கூட்டம், நீண்ட நேரம். தட்டு காலியாக வராமல் என்ன செய்யும்?

44-ஆம் நாள் இரவு 10 மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் தட்டைத் தூக்கியது நினைவிருக்கிறது. தட்டில் முப்பது நாற்பது இறால், கண்கள் தணல் போலச் சிவந்து மின்ன, வெளியே துள்ளின. "தட்டு பளபளன்னு இருக்கு அண்ணே, இன்னொரு கிலோ ஏத்திரலாமா?" என்றான் தம்பி. "ஏத்து" என்றேன்.

காலைக் கணக்கும் மாலைக் கணக்கும்

46-ஆம் நாள் விடிகாலை 5 மணிக்குக் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 3.4 மில்லிகிராம். ஒரு வாரம் முன்பு அதே நேரம் 4.5 இருந்தது. தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு கண்ணுக்குத் தெரியும் ஆழம் 40 சென்டிமீட்டரிலிருந்து 20-க்கு இறங்கியிருந்தது. தண்ணீர் அடர் பச்சை. காலையில் பிஎச் 7.8, மாலையில் 8.9. ஒரே நாளில் அரைப் புள்ளிக்கு மேல் பிஎச் ஆடினாலே ப்ளூம் கை மீறுகிறது என்று அர்த்தம். இங்கே ஒரு புள்ளிக்கு மேல் ஆடியது. ப்ளூம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று குளத்தைப் பாராட்டிவிட்டுப் போனோம்.

அம்மோனியா சோதனை தினமும் காலையில்தான் நடந்தது, ஆக்ஸிஜன் பார்க்கப் போகும்போதே சேர்த்துப் பார்த்துவிடுவது. மொத்த அம்மோனியா லிட்டருக்கு 1.2 மில்லிகிராம். இறாலைக் கொல்வது அதில் அயனியாகாத பங்கு. அந்தப் பங்கைத் தீர்மானிப்பது பிஎச்-சும் வெப்பமும். 30 டிகிரியில் பிஎச் 7.8 என்றால் சுமார் 5 சதவீதம், அதாவது 0.06 மில்லிகிராம். பயமில்லை. அதே தண்ணீர், அதே 1.2, மாலையில் பிஎச் 8.9 ஆகும்போது அந்தப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டிவிடுகிறது, 0.4 மில்லிகிராமுக்கு மேல். பாதுகாப்பு எல்லை என்று நாம் வைத்துக்கொள்ளும் 0.1-ஐப் போல நான்கு மடங்கு. தினமும் மதியம் 2 மணியிலிருந்து இருட்டும் வரை இறால் இந்தத் தண்ணீரில் இருந்திருக்கிறது, நாங்களோ காலை எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறோம். சோதனைக் குப்பியும் மருந்தும் எல்லாப் பண்ணையிலும் இருக்கின்றன. எந்த நேரத்தில் தண்ணீர் எடுக்கிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

49-ஆம் நாள் மாதிரிப் பிடிப்பில் இறாலே சொன்னது. முதுகின் மேல் ஓடும் குடல் கோடு, தீவனம் தின்ற இறாலில் தீவனத்தின் பழுப்பு நிறத்தில் தலையிலிருந்து வால் வரை அறுபடாமல் ஓடும். செத்த இறாலைத் தின்றிருந்தால் கோடு சிவப்பாகத் தெரியும். அன்று பத்தில் நான்கு இறாலில் கோடு கறுப்பு: அடியில் அழுகிக் கிடந்ததைத் தின்றிருக்கின்றன. இரண்டில் கோடு துண்டு துண்டாக. செவுள் மங்கிய பழுப்பு, மீசை பாதியில் முறிந்தது, ஓட்டை அழுத்தினால் சதைக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி. நோட்டில் எழுதி வைத்தேன். தீவனத்தைக் குறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வெள்ளை நூல் மிதந்தது.

நோயா, தண்ணீரா

முதலில் வைரஸ் பயம். வெள்ளைப்புள்ளி என்றால் இறால் கரையோரம் வந்து சோர்ந்து திரியும், தீவனம் சட்டென்று நிற்கும், சில நாட்களிலேயே கூட்டமாகச் சாகும். இங்கே கரையில் பிணம் இல்லை. முன்கூட்டியே சாகடிக்கும் இஎம்எஸ் பற்றியும் யோசித்தோம். 2013-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழு அது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையால் வருவது என்று கண்டுபிடித்தது. ஆனால் அது பெரும்பாலும் குஞ்சு விட்ட முதல் மாதத்தில் தாக்கும், இறாலின் செரிமான உறுப்பான கல்லீரல் கணையம் வெளுத்துச் சுருங்கிப்போகும். எங்கள் இறாலில் அது அளவில் சரியாக, பழுப்பாகவே இருந்தது, கொஞ்சம் வெளிறியது தவிர.

மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வெள்ளைப்புள்ளி இல்லை, இஎச்பி இல்லை. விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் என்ற ஆய்வகத் தட்டில் பச்சை காலனி விப்ரியோ அதிகம். நுண்ணோக்கியில் வெள்ளை நூலுக்குள் புழு போல நெளிந்த வடிவங்கள் தெரிந்தன. இதைப் பார்த்துவிட்டுப் புழு மருந்து கலக்கச் சொல்பவர்கள் உண்டு. அது புழுவே இல்லை. கல்லீரல் கணையத்தின் உள் சுவரிலிருந்து உதிர்ந்த நுண் இழைகள் ஒன்றுசேர்ந்து அப்படித் தோன்றுகின்றன. இறாலின் உடம்பே உதிர்ந்து வெளியே வருகிறது என்று அறிந்தபோது அடிவயிறு கலங்கியது.

மருந்து சப்ளை செய்பவர் ஒருவர் ஆன்டிபயாடிக் கலந்து ஐந்து நாள் கொடுக்கச் சொன்னார். மறுத்துவிட்டேன். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை இறாலில் ஒரு துளி இருந்தாலும் சரக்கு திரும்பி வரும் என்பது ஒரு பக்கம். அதைவிட, விப்ரியோ பெருகியதற்குக் காரணம் அடியில் அழுகும் தீவனம். அதை அப்படியே விட்டு மேலே மருந்து போட்டால், மருந்துக்கு அடங்காத விப்ரியோவைத்தான் வளர்ப்போம்.

எண்ணிப் பார்த்த நாள்

52-ஆம் நாள் காலை, குளம் முழுக்கப் பத்து இடங்களில் வீச்சுவலை போட்டோம். வலை விரிந்து விழும் பரப்பு 8 சதுர மீட்டர். சுத்தமான வளையத்தில் ஒரு வீச்சில் 290 வந்தது. நடுவில் கசட்டின் மேல் 60. மொத்தம் 1,640. வலையிலிருந்து ஐந்தில் ஒன்று தப்பும் என்று வைத்தால் 2,050. சதுர மீட்டருக்கு 25 அல்லது 26. குளத்துக்கு 1,28,000. வீச்சுவலைக் கணக்கு துல்லியமானதில்லை, பத்து பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் 1,80,000 என்று எந்தக் கணக்கிலும் வராது.

அந்த எண்ணை வைத்துப் பின்னோக்கிப் பார்த்தேன். 50-ஆம் நாள் குளத்தில் இருந்தது 1,350 கிலோ இல்லை, 960 கிலோ. அதே 4 சதவீதத்தில் 38 கிலோ போதும்; நாங்கள் போட்டது 54. 30-ஆம் நாளில் 22 போதும்; போட்டது 31. இந்த இருபது நாளில் மட்டும் கூடுதலாகப் போனது ஏறத்தாழ 250 கிலோ. அதற்குள் 14 கிலோ நைட்ரஜன். வயிற்றுக்குள்ளும் போகாமல், நேராகக் குளத்தின் அடியில்.

தீவனத்தை ஒரு நாள் முழுக்க நிறுத்தச் சொன்னேன். முதலாளிக்கு மனசே வரவில்லை. "பட்டினி போட்டா ஒண்ணையொண்ணு தின்னுரும் தம்பி. ஏற்கெனவே சோர்ந்து கெடக்கு." அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓடு உரித்து மெத்தென்று கிடக்கும் இறாலை மற்ற இறால் விடாது. "உரிக்கிற நேரம் இப்ப இல்லைங்க ஐயா, வலையில மெத்தன ஓடு ஒண்ணு ரெண்டுதான் வந்துச்சு. அடியில கெடக்குறதைத் தின்னாலே ரெண்டு நாள் ஓடும். இப்ப நாம போடுறது அதுக்குச் சாப்பாடு இல்லை, விப்ரியோவுக்குத்தான் சாப்பாடு" என்றேன். ரொம்ப நேரம் கரையிலேயே நின்றார். பிறகு, "ஒரு நாள்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே ஏரேட்டர்களின் கோணத்தை மாற்றிக் கசடு நடுவில் சேரும்படி செய்து, நடுக் கசட்டைப் பம்பு வைத்து வடிகால் குட்டைக்கு உறிஞ்சி எடுத்தோம். கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். குளோரின் போட்டு, காற்றில் ஆறவிட்டு வைத்திருந்த சேமிப்புக் குட்டைத் தண்ணீரை நான்கு நாள், நாளுக்குப் பத்து சதவீதம் மாற்றினோம். நான்கு ஏரேட்டரும் பகலிலும் நிற்கவில்லை.

சுண்ணாம்பு போடலாமா என்று எல்லோரும் கேட்டார்கள். பிரச்சினை என்றதும் கை சுண்ணாம்பு மூட்டைக்குத்தான் போகிறது. மாலை பிஎச் 8.9 இருக்கும் குளத்தில் நீர்த்த சுண்ணாம்பு போட்டால் பிஎச் இன்னும் ஏறும், அம்மோனியாவின் விஷப் பங்கும் கூடவே ஏறும். போடவில்லை. அதற்குப் பதிலாகக் கரும்புப் பாகு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை பாக்டீரியா தன் உடலாக மாற்றிக்கொள்ள ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து வேண்டும். குளத்தில் 8.4 கிலோ நைட்ரஜன் இருந்தது; கணக்குப்படி 168 கிலோ. ஒரே நாளில் கொட்டினால் பாக்டீரியா பெருகி விடிகாலை ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். எனவே நாளுக்கு 15 கிலோ, காலை 10 மணிக்கு, தண்ணீரில் கரைத்து, ஆறு நாள். பாதிக் கணக்குத்தான். மீதியைத் தண்ணீர் மாற்றமும் குறைந்த தீவனமும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்; பார்த்துக்கொண்டன.

53-ஆம் நாளிலிருந்து மூன்று நாள் நாளுக்கு 12 கிலோ மட்டும், ஆறு வேளையாக. தட்டுக்கான தீவனம் ஒவ்வொரு வேளையும் தராசில். ஐந்தாவது தட்டு ஒன்றை நடுப்பக்கம் வைத்தோம். மிச்சம் இருந்தால் அடுத்த வேளை குறைப்பது, இரண்டு வேளை தொடர்ந்து காலியானால் மட்டும் ஏற்றுவது. 56-ஆம் நாள் காலை அந்த மூலையில் வெள்ளை நூல் இல்லை. 58-ஆம் நாள் உரித்த ஓடுகள் கரையோரம் மிதந்தன, மெல்லிய கண்ணாடிச் சட்டை போல, முழுசாக, மீசை உட்பட. நோயில் கிடக்கும் இறால் இத்தனை ஓடு உரிக்காது. அன்றிரவு தீவனத்தை வேண்டுமென்றே பாதியாக்கினோம். உரித்த இறால் சில மணி நேரம் தின்னாது, ஓடு இறுகியபின்தான் பசி வரும்.

இழந்ததும் மீண்டதும்

50-ஆம் நாள் 7.5 கிராமாக இருந்த இறால் 62-ஆம் நாள் 8.2 கிராம். பன்னிரண்டு நாள் கிட்டத்தட்ட வளரவே இல்லை. அதன்பின் நாளுக்கு 0.26 கிராம் வீதம் ஏறியது. 63-ஆம் நாள் 30 கிலோவில் தொடங்கிய தீவனம் கடைசியில் 50 கிலோவில் முடிந்தது. எண்ணிக்கையைச் சரியாகப் போட்ட பிறகும்கூட, தட்டு கேட்டது அட்டவணையைவிடக் குறைவாகவே இருந்தது.

115-ஆம் நாள் அறுவடை. 2,530 கிலோ, சராசரி 22 கிராம், கிலோவுக்கு 45 கவுண்ட். எண்ணிக்கை 1,15,000, பிழைப்பு 57.5 சதவீதம். மொத்தத் தீவனம் 3,670 கிலோ, எஃப்சிஆர் (ஒரு கிலோ இறாலுக்கு ஆன தீவனம்) 1.45. அந்த எண்ணைப் பார்த்து இதொன்றும் மோசமில்லையே என்றுதான் பலரும் சொன்னார்கள். உடைத்துப் பார்த்தால் வேறு கதை. முதல் 50 நாளில் 1,350 கிலோ போட்டு 960 கிலோ இறால்: 1.41. குளத்து இயற்கை உணவு நிறைந்திருக்கும் அந்த வயதில் இது ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரிய இறாலுக்குத்தான் தீவனம் அதிகம் செலவாகும்; ஆனால் 63 முதல் 115 வரை எங்களுக்கு 1.37 வந்தது. சின்ன இறாலுக்கு ஆனதைவிடப் பெரிய இறாலுக்குக் குறைவாக ஆகியிருக்கிறது என்றால், முன்பாதித் தீவனம் எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. அறுவடைக்குப் பின் குளத்தை வற்றவைத்தபோது நடுவில் முழங்கால் ஆழக் கறுப்புச் சேறு. வெயிலில் காயவைத்து வெடிப்பு விழச் செய்து, மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் போட இரண்டு வாரம் ஆனது.

அடுத்த பயிர்

குஞ்சு வண்டி அந்த முறையும் தாமதமாகத்தான் வந்தது, மதியம் 1 மணிக்கு. பைகளை நிழலில் தொட்டிக்கு மாற்றி, காற்று கொடுத்து, இருட்டும் வரை காத்திருந்து இறக்கினோம். ஹாப்பாவில் 100 குஞ்சு. 48 மணி நேரம் கழித்துத் தம்பியும் நானும் தனித்தனியாக எண்ணினோம். அவன் 91 என்றான், நான் 92. குறைந்த எண்ணையே நோட்டில் எழுதி, தீவன அட்டவணையைப் போட்டோம்.

தட்டுப் பாலத்தின் கம்பத்தில் ஒரு சின்னத் தராசு பிளாஸ்டிக் பைக்குள் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு அட்டை: வேளைக்கு இத்தனை கிலோ என்றால் தட்டுக்கு இத்தனை கிராம், இத்தனை மணி நேரத்தில் தூக்க வேண்டும் என்று தம்பி கையெழுத்தில். அம்மோனியா சோதனை மாலை 4 மணிக்கு மாறிவிட்டது. 34-ஆம் நாள் இரவு அவன் போன் செய்தான்.

"அண்ணே, நடுத்தட்டுல மட்டும் ஆறு கிராம் மிச்சம். மத்த நாலும் காலி. ஏத்தவா, வேண்டாமா?"

"வேண்டாம். காலையில நடுவுல ஒரு வீச்சு போட்டுப் பார்ப்போம்."